சாவிக்கு முன்னால் கயிறு

மோட்டார் படகு ஓட்டப் பழகும் பிள்ளைகள் சாவியைத் தொடும் முன்பே என்ஜினை அணைக்கும் சுவிட்சோடு இணைந்த 'கில் கார்டு' எனும் சுருள் கயிற்றைத் தொடையில் சுற்றி மாட்டிவிட வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சட்டென்று நின்றால் சரி, இல்லையென்றால் அன்றைக்குப் படகு கரையிலேயே கிடக்கட்டும்.

திருப்பத்தில் ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால், ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே திரும்பி வரக்கூடும். கயிறு பிடுங்கிக்கொண்டால் என்ஜின் அணைந்து புரொப்பெல்லர் நின்றுவிடும். கயிற்றை ஸ்டியரிங்கில் மாட்டிவைப்பதும் மாட்டாமல் இருப்பதும் ஒன்றுதான். ஆள் மாறும்போது என்ஜினை நிறுத்திவிட்டு, அப்புறம் கைமாற்றுங்கள்.

கூட வருபவர் விழுந்தால் இது உதவாது. ஓட்டுபவர்தான் என்ஜினை அணைக்க வேண்டும். அறைக்குள்ளிருந்து ஓட்டும் பெரிய படகுகள் பலவற்றில் இந்தக் கயிறே இருக்காது. லைஃப் ஜாக்கெட்டும் விவரம் தெரிந்த பெரியவரும் எப்படியும் வேண்டும்.