அந்த ஆஸ்பத்திரிக்கு பேர் என்ன தம்பி?

போன கிழம பின்னேரம் திருகோணமலை ஏகாம்பரம் கிரவுண்ட்ல பொடியன்மார் ப்ராக்டிஸ் முடிச்சு பூட்ஸ் கழட்டிக்கொண்டு இருக்கேக்குள்ள, இப்ப எங்கட கிளப் பேஜ பாக்கிற தம்பி போன நீட்டி "அண்ணா இத போடவா, வாசிச்சு எனக்கு அழுகையே வந்திட்டு" எண்டான். ஒரு பெரிய ஃபுட்போல் ஸ்டார், இரவு, மழை, பஸ் ஸ்டாண்ட்ல நனைஞ்சுகொண்டு நிக்கிற வயசான கிளீனர் அம்மா, சின்ன வயசுல அவருக்கு சோறு குடுத்தவவாம், அடுத்த நாள் விடிய அவட கையில புது வீட்டுச் சாவி. மூண்டாவது வரியிலயே இது ஏ.ஐ எழுதின பொய்க் கதை எண்டு எனக்கு விளங்கிட்டு. ஆனா சிரிக்க மனம் வரல்ல, ஏனெண்டா ரெண்டு வருசத்துக்கு முன்னம் இதே மாதிரி ஒண்ட வாசிச்சு கண் கலங்கினது நான்தான், அத அச்சடிச்சும் விட்டன்.

"ஆமீன் போடுங்க", "ஷெயார் பண்ணாதவன் மனுசனே இல்ல" எண்டு வாற போஸ்ட்கள் பத்தி எழுதப்போறதில்ல. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். இது இந்த மாதிரிக் கதையள பிடிக்கப் போய் நாங்க விடுற பிழையள் பத்தி.

படத்தில விரல் எண்ணிக்கொண்டு இருக்கிறது

ஏ.ஐ படத்தில கைக்கு ஆறு விரல் இருக்கிறத பாத்து பிடிச்ச காலம் போயிட்டு. இப்ப படம் சுத்தமா வருது, அதவிட கூடாதது என்னண்டா கனதரம் படம் உண்மையான படம்தான், கதைதான் பொய். எப்பவோ ஒரு பிளேயர் எங்கயோ ஒரு பிள்ளைய பாக்கப் போன ஃபோட்டோவ எடுத்து கீழ புதுக் கதைய எழுதி விடுறாங்க. கூகுள் லென்ஸ்ல போட்டு அந்தப் படம் முதல்ல எந்த வருசம் வந்தது எண்டு பாருங்க, அரைவாசிப் பேர் அங்கயே பிடிபடுவாங்க.

"பத்து இடத்தில இருக்கு, அப்ப உண்மைதான்"

இதுதான் நான் விட்ட பிழை. இப்ப நினைச்சாலும் எரியுது, ஏனெண்டா நான் செக் பண்ணாம போடல்ல. செக் பண்ணித்தான் போட்டன்.

எங்கட கிளப் விழா மலர், 32 பக்கம், நடுவில பின் அடிச்ச புத்தகம், 250 பிரதி. 11ஆம் பக்கத்தில கொஞ்சம் இடம் மிஞ்சிட்டு. அந்த நேரம் வட்ஸ்அப் குரூப்ல ஒரு கதை வந்திச்சு, ஒரு ஸ்டார் பிளேயர் தலையில தொப்பிய இழுத்துவிட்டு ஆருக்கும் தெரியாம ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வார்ட்ல இருந்த அவ்வளவு பிள்ளையள்ட பில்லையும் கட்டிட்டு ஒரு துண்டு எழுதி வச்சிட்டுப் போனாராம். பிளேயர்ட பேர் சொல்லல்ல, ஏன் எண்டு பிறகு விளங்கும். நான் கவனமான ஆள் எண்ட நினைப்பில கூகுள்ல தேடினன். ஒரு பத்துப் பன்னிரெண்டு சைட்ல அதே கதை. அப்ப சரி எண்டு தமிழ்ல எழுதி, நல்ல தலைப்பும் குடுத்து அச்சுக்கு அனுப்பிட்டன்.

விழாவுக்கு ரெண்டு நாள் இருக்கேக்குள்ள முதல் பிரதிய எங்கட பழைய ஸேர் ஒருத்தருக்கு குடுக்கப் போனன். ரிட்டயர்டான மனுசன், கண்ணாடிய நெத்தியில ஏத்திவிட்டு புத்தகத்த மூக்குக்குக் கிட்டப் பிடிச்சுத்தான் வாசிப்பார். 11ஆம் பக்கத்த முழுக்க வாசிச்சு முடிச்சு கேட்டது ஒண்டே ஒண்டுதான்: "அந்த ஆஸ்பத்திரிக்கு பேர் என்ன தம்பி?"

எனக்கு வாய் திறக்க ஏலாம போயிட்டு. நர்ஸ் என்ன சொன்னவ எண்டு இருக்கு, பிள்ளை என்ன கலர் கம்பளி போத்தியிருந்தது எண்டு இருக்கு, துண்டில என்ன எழுதினது எண்டு சொல்லுக்குச் சொல் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு பேர் இல்ல. ஊர் இல்ல. திகதி இல்ல.

வீட்ட வந்து அந்தப் பத்து சைட்டையும் திருப்பி, இந்த முறை பக்கத்துக்குப் பக்கம் வச்சு வாசிச்சன். ஒண்டில நடக்கிறது ஸ்பெயின்ல, அடுத்ததுல பிரேசில்ல, மூண்டாவதுல நாடே இல்ல. ஆனா நர்ஸ்ட வசனம் மட்டும் எல்லாத்திலயும் ஒரே வசனம். ஒரு சைட்ல நாலாம் பந்தியில திடீரெண்டு வேற ஒரு பிளேயர்ட பேர் வருது, மாத்த மறந்திட்டாங்க போல. பிறகு பிளேயர்ட பேர எடுத்திட்டு கதைய மட்டும் தேடினா டென்னிஸ்காரர், கூடைப்பந்துக்காரர், கிரிக்கெட்காரர் எண்டு எல்லாரும் அதே வார்ட்ல அதே பில்ல கட்டியிருக்கினம். பத்து சாட்சி எண்டு நான் நினைச்சது ஒரே ஆள் பத்து சேர்ட் மாத்திப் போட்டுக்கொண்டு வந்தது.

நான் செய்திருக்க வேண்டியது வேற. கதை எந்த ஊர்ல நடந்தது எண்டு சொல்லுறாங்களோ அந்த ஊர்ட பேப்பர்ல, அந்த ஊர்ட பாஷையில தேடியிருக்கோணும். ஸ்பெயின் எண்டா ஸ்பானிஷ்ல, பிரேசில் எண்டா போர்த்துக்கீஸ்ல, கூகுள் ட்ரான்ஸ்லேட் இருக்குத்தானே. திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு உலகம் தெரிஞ்ச ஒரு பிளேயர் வந்து பில் கட்டினா (எங்கட அரசாங்க ஆஸ்பத்திரியில பில்லே இல்ல, அது வேற கதை) முதல்ல ஆர் எழுதுவான்? இஞ்ச இருக்கிற நிருபர்தான். எங்கயோ சமையல் குறிப்பும் ஜோசியமும் போடுற ஒரு சைட்டா எழுதும்?

சரி, 250 பிரதி என்ன ஆச்சு எண்டா, பிளேட்டால 11ஆம் பக்கத்த வெட்டி எடுப்பம் எண்டு தொடங்கினம். அஞ்சு புத்தகம் வெட்டினாப் பிறகுதான் பாத்தா 22ஆம் பக்கம் கழண்டு கையோட வருது, பின் அடிச்ச புத்தகத்தில அது ரெண்டும் ஒரே தாள். 22ல இருந்தது காசு குடுத்த ஹார்ட்வெயார் கடைட விளம்பரம். பிறகு என்ன செய்ய, ஃபோட்டோகொப்பி கடையில பழைய டீம் படம் ஒண்ட 245 கொப்பி எடுத்து, மூண்டு பேர் இருந்து ஒவ்வொண்டா ஒட்டினம். கச்சான் காத்து அடிக்கிற மாசம், வேர்த்து ஊத்துது, ஃபேன் போட்டா தாள் பறக்குது, விடியப்பறம் ரெண்டு மணி.

ஏ.ஐ கிட்டயே "இது உண்மையா" எண்டு கேக்கிறது

கள்ளன்ட தம்பிய சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி.

கதை வழுக்கிக்கொண்டு போறத கவனிக்காம விடுறது

உண்மைக் கதையில எங்கயாவது ஒரு முள் இருக்கும். 2012 டிசம்பர்ல ஸ்பெயின்ல புர்லாடா எண்ட ஊர்ல ஒரு குறொஸ் கண்ட்ரி ஓட்டம். முன்னுக்கு ஓடின கென்யாக்காரர் ஆபெல் முத்தாய், அந்த வருசம்தான் லண்டன் ஒலிம்பிக்ல 3000 மீற்றர் ஸ்டீப்பிள்சேஸ்ல வெண்கலம் எடுத்தவர், கோடு வந்திட்டு எண்டு நினைச்சு கொஞ்சம் முன்னுக்கே ஓட்டத்த விட்டிட்டார். பின்னால வந்த இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா முந்தாம, பாஷை விளங்காத ஆளுக்கு கையக் காட்டி முன்னுக்குப் போக விட்டார். இது நடந்தது. ஆனா எனக்குப் பிடிச்ச இடம் அது இல்ல. அனாயாட கோச் மார்ட்டின் ஃபிஸ், 1995 உலக மரதன் சம்பியன், தானா இருந்தா முந்திப் போய் வெண்டிருப்பன் எண்டு பேப்பருக்கே சொன்னார்! ஏ.ஐ எழுதுற கதையில இப்படி ஒரு கோச் வரவே மாட்டார். அங்க எல்லாரும் வாயப் பொத்திக்கொண்டு அழுவாங்க, கடைசியில மைதானமே எழும்பி நிக்கும்.

இன்னொண்டு, "கமெரா இல்ல, ஆருக்கும் தெரியாது" எண்டு எழுதிட்டு மேல படமும் போட்டிருப்பாங்க. அந்தப் படத்த எடுத்தது ஆர்?

பேஜ்ட பழைய பேர பாக்காம விடுறது

ஃபேஸ்புக்ல பேஜ்ட விவரத்துக்குள்ள போனா அது எப்ப தொடங்கினது, முன்னம் என்ன பேர் வச்சிருந்தது, நடத்துறவங்க எந்த நாட்டில இருக்காங்க எண்டு காட்டும். தம்பி காட்டின பேஜ் முன்னம் நாய்க்குட்டி பேஜ்.

நல்ல விசயம் தானே, என்ன நட்டம்

ஹார்ட்வெயார் முதலாளியிட்ட கேளுங்க.

சூடு கண்ட பூனையா மாறுறது

மலர் பிரச்சினைக்குப் பிறகு நான் ஆர் என்ன அனுப்பினாலும் "பொய்" எண்டு போட்டுக்கொண்டு இருந்தன். ஒருநாள் ஒரு பொடியன் பிரான்ஸ் ஃபுட்போல் பிளேயர் கான்டே பத்தி அனுப்பினான்: 2018 செப்டம்பர்ல, உலகக் கிண்ணம் வெண்ட கையோட, லண்டன்ல பரிஸ் ரெயில விட்டிட்டு பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போய், அங்க சந்திச்ச ஒரு ரசிகர் கூப்பிட்டார் எண்டு ஒரு வீட்ட போய் சாப்பிட்டு வீடியோ கேமும் விளையாடினாராம். நான் குரூப்ல எல்லாருக்கும் முன்னால சிரிச்சன். அது முழுக்க உண்மை. அந்த ரசிகரே ஃபோட்டோ போட்டவர், சொந்தப் பேரில பேட்டியும் குடுத்தவர். செனகல் ஃபுட்போல் பிளேயர் சாடியோ மானே தன்ட பம்பாலி கிராமத்துக்கு ஆஸ்பத்திரி கட்டினதும் உண்மை, 2021ல திறந்தது, ஸேர் கேட்ட மாதிரி ஊரும் இருக்கு திகதியும் இருக்கு.

எங்கட ரோட்டில மான் நடந்து போகும், கோட்டை வாசல்ல நிண்டு வாழைப்பழத் தோல் தின்னும் எண்டு வெளியூர்க்காரனுக்குச் சொன்னா நம்புவானா? நம்பாட்டியும் மான் நிக்குது, வந்து பாக்கலாம்.

பிழை விட்டா சத்தமில்லாம அழிச்சிட்டு ஓடுறது

போட்ட இடத்திலயே, அதே குரூப்ல, "நான் போட்டது பொய்" எண்டு போடுங்க. வெக்கமாத்தான் இருக்கும். நான் விழா மேடையில மைக்க பிடிச்சு 11ஆம் பக்கத்தில ஏன் தாள் ஒட்டியிருக்கு எண்டு சொன்னன், பின்வரிசையில பொடியன்மார் சிரிச்ச சத்தம் இன்னும் காதில இருக்கு. முன்வரிசையில ஸேர் மட்டும் சிரிக்கல்ல, ஒட்டின தாள்ட மூலைய நகத்தால மெல்ல உரிச்சு உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு பாத்துக்கொண்டு இருந்தார்.