யாங்பான் வீட்டைப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

கொரிய வரலாற்றுத் தொடர்களைப் பார்க்கிறவர்களுக்கு யாங்பான் வீடு பழக்கமான காட்சி. வளைந்த ஓட்டுக்கூரை, கூடத்தில் தொப்பியோடு அமர்ந்திருக்கும் பெரியவர், முற்றத்தில் மண்டியிட்டிருக்கும் வேலைக்காரன். 1392 முதல் 500 ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஜோசோன் ஆட்சியின் கல்வியும் பதவியும் பெற்ற உயர்குடிதான் யாங்பான். அவர்கள் வீட்டைத் திரையில் பார்த்த தெம்பில் நாம் பேசும்போது சில தவறுகள் தவறாமல் வந்துவிடுகின்றன.

பெரிய தவறு எண்ணிக்கையில் தொடங்குகிறது. '99 அறை கொண்ட மாளிகை' என்று எழுதிவிடுகிறார்கள். கொரியர்கள் சொல்வது 99 கான். கான் என்றால் அறை அல்ல. நான்கு தூண்களுக்குள் அடங்கும் பரப்பு. ஓர் அறை இரண்டு மூன்று கான் இருக்கலாம். திறந்த கூடம், களஞ்சியம், தொழுவம் எல்லாமே கணக்கில் சேரும். 'அரசர் தவிர யாரும் 99 கானுக்கு மேல் கட்டக்கூடாது என்று சட்டம் இருந்தது' என்பதும் வெறும் பேச்சுவழக்குதான். உண்மையான சட்டம் அதைவிடக் கடுமையானது. செஜோங் மன்னர் காலத்தில், 1431இல் வகுத்த வரம்பின்படி அரசி பெற்ற இளவரசருக்கே 60 கான்தான். உயர் பதவியில் இருப்பவருக்கு 40, சாதாரணக் குடிமகனுக்கு 10. செல்வாக்குள்ளவர்கள் இதை மீறினார்கள் என்பது வேறு கதை.

அதே விதிகள் வீடுகளில் வண்ணம் தீட்டவும் தடை போட்டன. பச்சையும் சிவப்புமாக உத்தரங்களில் மின்னும் ஓவியம் அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரியது. யாங்பான் வீட்டின் மரம் மரமாகவே இருக்கும். படத்தில் வண்ண உத்தரத்தைக் கண்டால் அது வீடு அல்ல என்று துணிந்து சொல்லலாம்.

அடுத்தது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 'ஆண்களுக்கு சராங்சே, பெண்களுக்கு ஆன்சே, நடுவே சுவர், 500 ஆண்டுகளும் இப்படித்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சராங்சே வாசலருகே இருக்கும்; விருந்தினரும் படிப்பும் பேச்சும் அங்கே. ஆன்சே உள்ளே இருக்கும். குடும்பத் தலைவியின் ஆட்சி அங்கே. இடையில் பார்வையை மறைக்க ஒரு தட்டிச்சுவரும் உண்டு. இதெல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பிரிவினை இறுகியது கன்பூசிய நெறி குடும்பங்களுக்குள் ஆழ வேரூன்றிய பிற்காலத்தில்தான். அதற்கு முன்பு மாப்பிள்ளை மாமனார் வீட்டில் வாழ்வது சாதாரணம். மகளுக்கும் சொத்தில் பங்கு இருந்தது. அறிஞர் யி ஐ 1536இல் பிறந்தது காங்னுங் நகரின் ஓஜுக்ஹோனில், அதாவது தாய் ஷின் சைம்தாங்கின் பிறந்த வீட்டில். யாங்டோங் கிராமத்தில் சொன் குடும்பத்து வீடான சோபெக்தாங்கில்தான் அவர்களுடைய பேரன், மகள் வயிற்றுப் பிள்ளை, அறிஞர் யி ஒன்ஜோக் 1491இல் பிறந்தார். அந்த ஊரில் சொன், யி என்ற இரண்டு குடும்பங்களின் பழைய வீடுகள் இன்றும் அருகருகே நிற்பதற்கு வேர் இதுதான். மகள் வழியை மறந்துவிட்டு அந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது.

முற்றத்தைப் பார்த்து 'தோட்டம் போடாமல் விட்டுவிட்டார்களே' என்று நினைக்காதீர்கள். நடுமுற்றம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டது. வெளிர்மணல் பரப்பிய தரையில் பட்ட வெயில் தெறித்து, ஆழமான கூரை நிழலுக்குள் இருக்கும் அறைகளுக்கு வெளிச்சம் தரும். கோடையில் அந்த மணல் சூடேறும். வீட்டின் பின்புறம் மரம் செடிகளால் குளிர்ந்திருக்கும். காற்று குளிர்ந்த பக்கத்திலிருந்து பலகைத் தரைக் கூடத்தின் வழியே முற்றத்துக்கு ஓடிவரும். திருமணமும் சாவுச் சடங்கும் கதிரடிப்பும் நடந்ததும் இதே வெற்று மணலில்தான்.

ஒண்டோல் எனும் சூடான தரை எல்லா அறைகளிலும் தொன்றுதொட்டு இருந்தது என்று எண்ணுவதும் பிழை. வெகுகாலம் அது முதியவர்கள், நோயாளிகள் தங்கும் ஓரிரு அறைகளுக்கு மட்டுமே; பரவலானது ஏறக்குறைய 17ஆம் நூற்றாண்டில். சமையலறை அடுப்பின் அனலும் புகையும் அறைத் தரையின் கற்பலகைகளுக்கு அடியே ஓடி, மறுபுறப் புகைபோக்கியில் வெளியேறும். பழைய அறைக்குள் நுழைந்தால் எண்ணெய்த் தாள் ஒட்டிய தரையைப் பாருங்கள். அடுப்புப் பக்கம் தாள் கருகிப் பழுப்பேறியிருக்கும். அந்த இடம்தான் வீட்டின் மரியாதையான இருக்கை. பெரியவரையும் விருந்தாளியையும் அங்கே உட்காரச் சொல்வார்கள்.

கதவுகளை ஜப்பானியக் கதவுகளோடு குழப்ப வேண்டாம். ஜப்பானில் தாளை மரச்சட்டத்தின் வெளிப்பக்கம் ஒட்டுவார்கள். கொரியாவில் உட்பக்கம் ஒட்டுவதால் சட்டத்தின் கோலம் வெளியிலிருந்து தெரியும்.

தலைவாசலை வேகமாகக் கடந்துவிடுவது இன்னொரு தவறு. பல்லக்கிலோ குதிரையிலோ வருபவர் தலை குனியாமல் நுழைய நடு வாசலின் கூரை உயர்ந்திருக்கும். அதன் இரு பக்கமும் ஒட்டிய தாழ்வான, நெருக்கமான அறைகள்தான் ஹெங்னாங்சே. அடிமைகளும் வேலையாட்களும் அங்கேதான் படுத்தார்கள். அடிமை முறை 1894இல்தான் சட்டப்படி ஒழிந்தது. சராங்சேயின் அழகைப் படம் எடுப்பவர்கள் இந்த அறைகளுக்குள்ளும் ஒரு நிமிடம் தலையை நுழைத்துப் பார்க்க வேண்டும்.

சியோலின் புக்சோன் சந்துகளில் நெருக்கியடித்து நிற்கும் ஓட்டு வீடுகளை ஜோசோன் காலத்துப் பிரபுக்களின் வீடுகள் என்று சொல்லாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 1920, 30களில் சோங் செக்வோன் போன்ற கட்டுமானக்காரர்கள் பெரிய மனைகளைத் துண்டுபோட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டி விற்றவை.

கண்முன் நிற்பதுதான் முழு வீடு என்று நம்புவதும் கூடாது. ஆண்டோங் நகரில் உள்ள இம்சோங்காக் என்ற யாங்பான் வீடு 1519இல் கட்டப்பட்டது. 99 கான் வீடு என்று பெயர் பெற்றது. போய்ப் பார்க்கிறவர்கள் கண்ணில் அவ்வளவு கான் படாது. அந்த வீட்டுத் தலைவர் யி சாங்ரியோங் 1911இல் குடும்பத்தோடு மஞ்சூரியாவுக்குப் போய், கொரியாவைப் பிடித்திருந்த ஜப்பானுக்கு எதிரான விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். பிறகு போராளிகள் வெளிநாட்டில் அமைத்த கொரியத் தற்காலிக அரசின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1942இல் ஜப்பானிய ஆட்சி அந்த வீட்டின் முன்பகுதியை இடித்து, வீட்டுக்கும் நாக்டோங் ஆற்றுக்கும் நடுவே ரயில் பாதை போட்டது. 78 ஆண்டுகள் அந்தக் கூடத்துக்கு எதிரே ரயில் ஓடியது. 2020 டிசம்பரில்தான் அது நின்றது.