பிகேஎக்ஸெக் ஓட்டையை அடைத்த விதம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தின் லினக்ஸ் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே கணினியில் காலையில் ஒரு மாணவர், மாலையில் இன்னொருவர். அதனால் 2022 ஜனவரியில் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் சிவிஇ-2021-4034 (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) பற்றி அறிவித்ததும் எனக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை. சாதாரணக் கணக்கு உள்ள எவரும் ரூட் (கணினியில் எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி) ஆகிவிடலாம் என்றால் கடவுச்சொல்லுக்கே அர்த்தமில்லை.

கோளாறு பிகேஎக்ஸெக்கில். மற்ற நிரல்களை நிர்வாகி உரிமையோடு திறக்க உதவும் லினக்ஸ் கருவி அது; யார் இயக்கினாலும் அது ரூட் உரிமையோடுதான் ஓடும். ஆர்க்யூமென்ட் பட்டியலே (நிரலை அழைக்கும்போது அதற்குத் தரும் சொற்கள்) காலியாக இருக்கும்படி அழைத்தால், எல்லை தாண்டி, நினைவகத்தில் அடுத்து இருக்கும் சூழல் மாறிகளை (நிரலின் போக்கை மாற்றக்கூடிய அமைப்பு மதிப்புகளை) திருத்தப்படாத பிகேஎக்ஸெக் படிக்கிறது; அங்கேயே எழுதவும் செய்கிறது. இத்தகைய நிரல்களுக்குப் போகாமல் முன்பே வடிகட்டப்பட்ட ஆபத்தான மாறி, இந்த வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிடும். 2009 முதலே இருந்த பிழை!

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 20.04 பதிப்பு இருந்த கணினிகளுக்கு வழக்கமான அப்டேட் போதுமானதாக இருந்தது. ஆனால் அதன் பிறகும் பிகேஎக்ஸெக் அடங்கிய தொகுப்பின் பதிப்பு எண் 0.105 என்றே தொடங்கும். திருத்தத்தைப் பழைய பதிப்பிலேயே சேர்த்துவிடுகிறார்கள். தொகுப்பின் மாற்றப் பதிவில் (என்னென்ன திருத்தப்பட்டது என்ற பட்டியல்) அந்த சிவிஇ எண் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

பழைய உபுண்டு 16.04 ஓடிய கணினிகள்தான் படுத்தின. அதற்கான பொது ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதனால் சூடோவோடு (ஒரு கட்டளையை நிர்வாகியாக இயக்க உதவுவது) கோப்பு உரிமையை மாற்றும் சிஎச்மாட் 0755 கட்டளை கொடுத்து, பிகேஎக்ஸெக்கின் செட்யூஐடி பிட்டை, அதாவது யார் இயக்கினாலும் ரூட் உரிமை தரும் குறியை, எடுத்தேன். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை காட்டும் உரிமை வரிசையில் 'எஸ்' போய் 'எக்ஸ்' வந்தால் சரி. அப்புறம், மென்பொருள் நிறுவ உதவும் சினாப்டிக் பிகேஎக்ஸெக்கை நம்பியிருப்பதால் மெனுவிலிருந்து திறக்காது; நிறுவல்களை டெர்மினலில் சூடோவால் செய்துகொண்டோம். விடுமுறை வந்ததும் அவற்றிலும் 20.04 ஏற்றினேன்.