ஸ்ட்ராட்டின் தடித்த கம்பியில் சுருதி அலைந்தால்

வின்டேஜ் பாணி ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டார்) ஒன்றில் ஆறாம் கம்பியை, அதாவது தடித்த கம்பியை, 12ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் பதித்த உலோகப் பட்டை) மேல் அழுத்தினால் இரண்டு சுருதி மோதுவதுபோல் அலைந்தது. டியூனரைச் சந்தேகிக்க வேண்டாம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் அல்னிகோ 5 காந்தம் கம்பியை இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, காந்த முனைக்கும் கம்பிக்கும் தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இடைவெளி வருமாறு பிக்கப்பை இறக்கினேன். நின்றது. கழுத்துப் பக்க பிக்கப்பை இன்னும் கொஞ்சம் இறக்கலாம், இழுப்பு அங்கேதான் அதிகம்.

வாங்கும்போதே முதல் கம்பியை மேல் ஃப்ரெட்டுகளில் வளைத்துப் பாருங்கள். 7.25 அங்குல ஆரம் கொண்ட வளைவான விரல் பலகையில் கம்பி ரொம்பத் தாழ்ந்திருந்தால் ஒலி பாதியில் செத்துவிடும், 1.6 மி.மீ. உயரம் வையுங்கள்.

ஃபேன் ரெகுலேட்டரால் கிட்டார் ஒலியில் இரைச்சலா? வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்தவா முடியும்! நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக (சுருளும் காந்த முனையும் மற்றவற்றுக்கு எதிராக) இருந்தால், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்சை இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் 2 அல்லது 4இல் வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.