டிவிடி, புளூரே சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு, டெல்டாவிலிருந்து ஒரு செய்முறை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் வீட்டில் பாதி ஓடு பறந்துவிட்டது. கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. செல்போன் டவரும் வேலை செய்யவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தெருக்காரர்கள் சேர்ந்து ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். அந்த நேரத்தில் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்து, திண்ணையில் வைத்து ஒரு பழைய டிவிடியை ஓடவிட்டேன். சாய்ந்து கிடந்த தென்னை மட்டைகளைத் தாண்டிக்கொண்டு பிள்ளைகள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர்களும் வந்து நின்றார்கள். ஐந்தாறு நாளாக யாரும் சிரித்துப் பார்க்காத தெருவில் அன்று சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாக வாங்கி வைத்திருந்த நான், அதற்கப்புறம்தான் முறையாகச் சேர்க்கத் தொடங்கினேன். ஓடிடியில் நாம் பணம் கட்டுவது பார்ப்பதற்கு மட்டும்தான். ஒப்பந்தம் முடிந்தால் படம் போய்விடும். 2024 ஜனவரியில் ஒரு புதிய தமிழ்ப் படம், எதிர்ப்பு கிளம்பியதும் ஓடிடியிலிருந்து எடுக்கப்பட்டதைப் பார்த்தோம். பிரதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க்காரர் படமே சாட்சி. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’. அதன் கதாநாயகி திருவையாற்றுக்காரரான டி.பி. ராஜலட்சுமி. அவர் அதில் எப்படிப் பேசினார், எப்படிப் பாடினார் என்று பார்க்க இன்று ஒரு பிரதிகூட இல்லை.

சரி, எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

1. முதலில் பத்துப் படம்

கடைக்குப் போவதற்கு முன்னால், வருடத்துக்கு ஒருமுறையாவது திரும்பப் பார்க்கத் தோன்றும் பத்துப் படங்களை ஒரு தாளில் எழுதுங்கள். விருது வாங்கியது, எல்லோரும் புகழ்வது என்பதற்காக எதையும் சேர்க்க வேண்டாம். வீட்டில் உள்ளவர்களிடமும் கேளுங்கள். என் பட்டியலில் பாதி அம்மா சொன்னவை. அவைதான் அதிகம் ஓடுகின்றன.

2. விசிடியா, டிவிடியா, புளூரேயா?

விசிடியில் படம் 352-க்கு 288 புள்ளிகள். ஒரு டிஸ்க்கில் 74 முதல் 80 நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் நம் படங்கள் இரண்டு, மூன்று டிஸ்க்காக வந்தன. டிவிடியில் 720-க்கு 576, அதாவது விசிடியைப் போல நான்கு மடங்கு. புளூரேயில் 1920-க்கு 1080. அது டிவிடியைப் போல ஐந்து மடங்கு.

கணக்குப்படி புளூரேதான் உசத்தி. ஆனால் தமிழில் புளூரேயாக வந்த படங்கள் குறைவு. தமிழ்ப் படம் சேர்க்க நினைக்கிறவருக்கு டிவிடிதான் அடித்தளம். விசிடியாக மட்டுமே கிடைக்கும் பழைய படம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். பெரிய டிவியில் மங்கலாகத் தெரியும், ஆனாலும் படம் உங்களிடம் இருக்கும்.

3. எங்கே தேடுவது?

புது டிவிடி விற்கும் கடை எங்கள் பக்கம் இப்போது கண்ணில் படுவதில்லை. எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மூன்று வழியில் வந்தவை. முதலாவது, மூடிப்போன வீடியோ கடைகள். உரிமையாளர் வீட்டுப் பரணில் இன்னும் மூட்டை மூட்டையாக இருக்கும். கும்பகோணத்தில் ஒருவர் வீட்டில் சாக்கை அவிழ்த்தபோது மேலே எலி கடித்த அட்டைகள், அடியில் பிரிக்கவே பிரிக்காத டிவிடிகள். 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் டிவிடியை 34 ரூபாய்க்கும் விசிடியை 28 ரூபாய்க்கும் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து டிஸ்க்குகள்தான் இப்படிக் குவியல்களில் அதிகம் கிடைக்கின்றன.

இரண்டாவது, பழைய பேப்பர் கடை. வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்து, “சிடி வந்தா எடுத்து வைங்கண்ணே” என்று சொல்லிவையுங்கள். எடைக்கு எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது, வெளிநாட்டுச் சொந்தங்கள். டெல்டாவில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா தொடர்பு இல்லாத தெரு குறைவு. அங்கே விற்ற தமிழ் டிவிடிகளில் சில, நம் ஊரில் வந்ததைவிடத் தெளிவானவை. ஊருக்கு வரும் சித்தப்பாவிடம் தைலமும் சாக்லேட்டும் கேட்பதோடு இதையும் கேளுங்கள். ஆனால் ஐந்தாவது படியைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

திருட்டு டிஸ்க் வேண்டாம். படம் எடுத்தவனின் உழைப்பு அது என்பது ஒன்று. தியேட்டரில் கேமரா வைத்து எடுத்த பிரதியைப் பத்து வருடம் பாதுகாத்து ஒரு பயனும் இல்லை என்பது இன்னொன்று.

4. வாங்குமுன் டிஸ்க்கைப் பார்க்கும் விதம்

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். டிஸ்க்கை ஓரத்திலும் நடு ஓட்டையிலும் விரல் வைத்துப் பிடியுங்கள். கீழ்ப்பக்கத்தை டியூப்லைட்டுக்குக் காட்டுங்கள். விசிடி, டிவிடி என்றால், வெள்ளியாகவோ லேசான பொன்னிறமாகவோ இருந்தால் ஆலையில் அச்சடித்தது. ஊதாவோ நீலமோ அடித்தால் கம்ப்யூட்டரில் பதிந்தது, அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, விசிடியாக இருந்தால் விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அந்த இடத்தில் படம் போய்விட்டது. விசிடியில் தகவல் இருப்பது மேல்பக்கம், பெயர் அச்சடித்த பூச்சுக்குச் சற்றுக் கீழே. அதனால் கீழ்ப்பக்கக் கீறலைவிட மேல்பக்கச் சுரண்டல்தான் ஆபத்து. டிவிடி இரண்டு தகடுகளை ஒட்டியது, தகவல் நடுவில் பத்திரமாக இருக்கிறது. புளூரேயில் அது கீழ்ப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. மேலே கெட்டியான பூச்சு உண்டு, அதையும் தாண்டிக் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது.

போட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முதல் பாட்டைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. இரண்டு அடுக்கு உள்ள 8.5 ஜிபி டிவிடியில் முதல் அடுக்கு வெளி ஓரத்தில் முடிந்து, இரண்டாம் அடுக்கு பெரும்பாலும் அங்கிருந்தே திரும்பி உள்ளே வரும். அதாவது விரல் பட்டு அழுக்கான வெளி ஓரத்தில் இருப்பது படத்தின் நடுப்பகுதி. இடைவேளை நெருங்கும்போது படம் திக்கித் திணறுவது இதனால்தான். அதனால் நடுவில் ஐந்து நிமிடம், கடைசியில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

இனி, படம் முழுசாக இருக்கிறதா? ஒரே டிஸ்க்கில் மூன்று படம் என்று ஒன்றை ஆசையாக வாங்கினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து ஒரு பாட்டுக்காகக் காத்திருந்தார். பாட்டு வரவேண்டிய இடத்தில் காட்சி தாவி அடுத்த நாள் காலைக்குப் போய்விட்டது. மூன்று படத்தை அடைக்கப் பாட்டுகளை வெட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறேன்.

கணக்கு இதுதான். படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் படியுங்கள். ஃபிலிமில் எடுத்த படங்களுக்கு அதில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 27.4 மீட்டர் ஓடும். மீட்டரை 27.4-ஆல் வகுத்தால் நிமிடம் வந்துவிடும். 4,115 மீட்டர் என்றால் 150 நிமிடம். டிஸ்க் 128 நிமிடம்தான் காட்டுகிறது என்றால் ஏதோ போயிருக்கிறது. ஆனால் 144 நிமிடம் காட்டினால் பயப்பட வேண்டாம். ‘பால்’ (PAL) என்ற, நம் நாட்டு டிவி முறைக்கேற்ற டிவிடியில் நொடிக்கு 24 சட்டகம் (பிரேம்) ஓடவேண்டிய படம் 25 சட்டகமாக ஓடும். அந்த வேகத்தில் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், ஒரு காட்சியும் குறையாமல். இது தெரியாமல் நல்ல டிஸ்க் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் படம் அதன்பின் என் கையில் சிக்கவே இல்லை.

5. ரீஜன் எண்

டிவிடி பெட்டியின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைக்குள் ஒரு எண் இருக்கும். எந்த நாட்டுப் பிளேயரில் அந்த டிஸ்க் ஓடும் என்பதைச் சொல்லும் எண் அது. இந்தியா 5. சிங்கப்பூர், மலேசியா 3. வளைகுடாவும் பிரிட்டனும் 2. அமெரிக்கா 1. ‘ஆல்’ என்றோ 0 என்றோ இருந்தால் எங்கும் ஓடும். வெளிநாட்டில் விற்ற தமிழ் டிவிடிகளில் இப்படிப் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். புளூரேக்கு எழுத்து. நமக்கு சி, அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் ஏ, ஐரோப்பாவுக்கு பி. புளூரேயைவிடத் தெளிவான 4கே புளூரேயில் இந்தத் தொல்லையே கிடையாது.

லேப்டாப் டிரைவில் ரீஜன் மாற்றச் சொல்லிக் கேட்டால் உடனே ‘சரி’ அழுத்திவிடாதீர்கள். மொத்தம் ஐந்து தடவைதான் மாற்ற முடியும். ஐந்தாவது தடவை வைத்ததோடு டிரைவ் பூட்டிக்கொள்ளும்.

6. எதில் போட்டுப் பார்ப்பது?

தொடங்குகிறவருக்கு கம்ப்யூட்டர் யூஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவும், படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளும் போதும். டிவியில் பார்க்க வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ உள்ள பிளேயர் தேடுங்கள். பழைய பிளேயரின் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயருக்கு இன்றைய டிவிகள் பலவற்றில் இடமே இல்லை. புளூரேக்கு, பிளேஸ்டேஷன் 4 என்ற வீடியோ கேம் பெட்டி பழையது கிடைத்தாலும் நன்றாக ஓடும். 4கே புளூரேக்கு அது உதவாது.

பிளேயர் தயாரிப்பைப் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. நல்ல நிலையில் இரண்டாவது பிளேயர் ஒன்று மலிவாகக் கிடைத்தால் வாங்கி வையுங்கள். தட்டு வெளியே வராமல் மக்கர் செய்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கலாம். டிவி மெக்கானிக்கிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார், பிளேயரைத் தூக்கிப் போட வேண்டாம். நம் ஊர்க் கரண்டுக்கு ஸ்டெபிலைசர் அவசியம்.

7. ஈரத்திலிருந்து காப்பது

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும் ஊர் நம்முடையது. பரணில் வைத்தால் சித்திரை வெயிலில் டிஸ்க் வளையும். தரையில் வைத்தால் வெள்ளமும் கரையானும். உள்சுவர் ஓரம், இடுப்பு உயரத்தில், வெயில் படாத அலமாரிதான் சரி. டிஸ்க்குகளைப் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைக்க வேண்டாம்.

மழைக்காலத்துக்கு நான் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாற்றிவிடுகிறேன். ஒவ்வொன்றிலும் நீல நிற சிலிக்கா ஜெல் பை ஒன்று. நீலம் ரோஜா நிறமானால் ஈரத்தை உறிஞ்சி முடித்துவிட்டது, மாற்ற வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அட்டையை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்குத் துணியில் முடிந்த வசம்பு போதும். அந்துருண்டை கூடாது. அதன் ஆவி சிடி டப்பாவின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

துடைக்க மெல்லிய பருத்தித் துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் அந்தக் கீறல் தகவல் பதிந்த தடத்தோடு சேர்ந்தே ஓடும், பிளேயரால் அதைச் சமாளிக்க முடியாது. பற்பசை தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம்.

நனைந்தேவிட்டால்? கஜாவில் என் டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. டிஸ்க்கை ஒவ்வொன்றாக எடுத்து, நல்ல தண்ணீரில் சேறு போக அலசி, முறத்தில் பழைய வேட்டியை விரித்து நிழலில் உலர்த்தினேன். நாற்பத்தியிரண்டில் முப்பத்தொன்பது பிழைத்தன. அட்டைகள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஈரமாக இருக்கும்போதே பிரித்திருக்க வேண்டும். காய்ந்த பிறகு பிரித்ததில் படம் பாதி ஒன்றிலும் பாதி மற்றொன்றிலுமாகக் கிழிந்துவிட்டது. இப்போது எந்த அட்டை வந்தாலும் முதலில் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுகிறேன்.

8. ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். படம், ஆண்டு, ரீஜன், ஓடும் நேரம், எங்கே கிடைத்தது, கடைசியாக ஓட்டிய தேதி. கடைசிப் பக்கத்தில் இரவல் வாங்கிப் போனவர் பெயர். இரவல் கொடுங்கள், படம் பூட்டி வைப்பதற்கில்லை. பெயரை மட்டும் அவர் எதிரிலேயே எழுதுங்கள்.

தை பிறப்பதற்கு முன், மழை விட்டதும் எல்லாப் பெட்டியையும் திறந்து, ஒவ்வொரு டிஸ்க்கையும் பத்து நிமிடம் ஓட்டி, சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள். போகிக்கு வீட்டில் பழையது கழிப்பார்கள் அல்லவா, அதற்குள் பெட்டியின் மூடியில் ‘படம் இருக்கிறது, எடுக்காதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.