'ரொம்ப' என்று எழுத நினைக்கும்போது ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அபன்டன்ட், கோப்பியஸ், புரொஃப்யூஸ், லாவிஷ், எக்ஸூபரன்ட் என்று வரிசையாகச் சொற்கள். எல்லாவற்றுக்கும் எதிரே 'மிகுதியான' என்று ஒரே பொருள். தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்தப் பட்டியலோடுதான் சண்டை. நான்கு விடையில் ஒன்றை டிக் அடிக்க அது உதவும். ஒரு கடிதம் எழுதும்போதோ நேர்முகத் தேர்வில் வாய் திறக்கும்போதோ அதுவே காலை வாரிவிடும். மிகுதி என்றால் போதுமான அளவா, தேவைக்கு மேலா, அளவு மீறியதா என்று ஆங்கிலம் பிரித்துப் பார்க்கிறது. பட்டியல் அதைச் சொல்வதில்லை.

நமக்கு இந்தக் குழப்பம் வரக் காரணம் 'ரொம்ப'. நிரம்ப என்பதிலிருந்து வந்த அந்தச் சொல்லே எல்லா வேலையும் பார்த்துவிடுகிறது. 'டீ ரொம்ப நல்லா இருக்கு' என்பதும் 'டீ ரொம்ப சூடு, குடிக்க முடியல' என்பதும் நமக்கு ஒரே ரொம்பதான். ஆங்கிலத்தில் முதலாவது வெரி, இரண்டாவது டூ. அதனால் 'ஐ ஆம் டூ ஹேப்பி' என்று எழுதினால், சந்தோஷம் கூடிப்போய் ஏதோ சிக்கல் என்பதுபோல ஒரு நிழல் விழும். 'வெரி மச் ஹேப்பி'யும் வேண்டாம், 'வெரி ஹேப்பி' போதும்.

அடுத்து, அலுவலகக் கடிதங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு: 'வீ ஹேவ் ஆம்பிள் ஆஃப் டைம்'. ஆம்பிளுக்குப் பின் ஆஃப் வராது. 'ஆம்பிள் டைம்'. பிளென்டிக்கு நேர்மாறு, அங்கே ஆஃப் கட்டாயம்: 'பிளென்டி ஆஃப் டைம்'. பொருளிலும் வித்தியாசம் உண்டு. ஆம்பிள் என்பது தேவைக்குப் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும் என்கிற நிம்மதி. குவியல் குவியலாகக் கிடக்கிறது என்று சொல்ல அது உதவாது.

அபன்டன்ட் இயற்கையாகக் கிடைக்கும் வளத்தோடு நன்றாகப் பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து, காசிமேட்டில் விசைப்படகுகள் நிறைய மீனோடு திரும்பினால் மீன் அபன்டன்ட். அதே நாள் ஏலக்கூடத்தில் கூடிய ஜனங்களை 'அபன்டன்ட் பீப்பிள்' என்றால் தவறு. கோப்பியஸையும் ஆட்களுக்குப் போடக்கூடாது. வகுப்பில் எடுக்கும் குறிப்புகள், வடிக்கும் கண்ணீர், குடிக்கும் தண்ணீர் இவற்றுக்குத்தான் கோப்பியஸ். புரொஃப்யூஸ் பீறிட்டு வருவதற்கு: வியர்வை, ரத்தம், அப்புறம் மன்னிப்பும் நன்றியும். தமிழிலும் இப்படித்தானே? 'அமோக விளைச்சல்' என்போம், 'அமோக வெற்றி' என்போம். 'அமோக வியர்வை' என்று யாரும் சொல்வதில்லை. வியர்த்துக் கொட்டுகிறது என்றுதான் சொல்வோம். அதனால் தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யாமல், அது எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்கிறதோ அந்த ஜோடியாகவே நோட்டில் எழுதுங்கள்.

லக்ஸூரியன்ட்டும் லக்ஸூரியஸும் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும், வேலை வேறு. ஓட்டேரி நல்லா கால்வாயில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் அது லக்ஸூரியன்ட் வளர்ச்சி. பெரம்பூரில் நீச்சல் குளத்தோடு கட்டிய வீடு லக்ஸூரியஸ். 'லக்ஸூரியன்ட் ஃபிளாட்' என்று எழுதினால் சுவரில் செடி முளைத்த வீடுதான் நினைவுக்கு வரும்.

லாவிஷ் கணக்குப் பார்க்காமல் வாரிச் செலவழிப்பதைச் சொல்கிறது. பழைய பிரெஞ்சில் பெருமழையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கல்யாணம் லாவிஷாக நடக்கலாம், பாராட்டும் லாவிஷாக இருக்கலாம். ஆனால் பள்ளிக் கட்டணம் கட்டி உதவியவருக்கு நன்றிக் கடிதத்தில் 'யூ ஆர் எ லாவிஷ் மேன்' என்று எழுதாதீர்கள். ஊதாரி என்று சொன்னதுபோல ஆகிவிடும். ஜெனரஸ் என்பதே அங்கே மரியாதை.

ஊதாரி என்றதும் பிராடிகல் நினைவுக்கு வருகிறது. ராயபுரம் பக்கம் மாதா கோயிலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு, பைபிளில் லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மகன் (பிராடிகல் சன்) கதை தெரியும். மகன் வீடு திரும்புவதே கதையின் உருக்கமான இடம் என்பதால், பிராடிகல் என்றாலே திரும்பி வந்தவன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சொல்லின் பொருள் சொத்தை வாரி இறைத்தவன் என்பதுதான். மேதைக் குழந்தையைக் குறிக்கும் பிராடிஜியோடும் இதைக் குழப்பக்கூடாது.

சரி, மிகுதியைச் சொல்லும் சொற்களை விட்டு உற்சாகத்தைச் சொல்லும் சொற்களுக்கு வருவோம். இங்கே தவறு இன்னும் ஆபத்து, ஏனென்றால் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

எக்ஸூபரன்ட் மிகுதி, உற்சாகம் இரண்டுக்கும் பொது. லத்தீனில் செழிப்பைக் குறித்த வேரிலிருந்து வந்தது, செடி கொடிக்கும் பொருந்தும். மனிதரில், உள்ளே இருக்கும் மகிழ்ச்சி கையிலும் காலிலும் குரலிலும் வெளியே வருவதைச் சொல்கிறது. நல்ல சொல்தான், ஆனால் அளவு மீறும் வாய்ப்பும் அதற்குள் இருக்கிறது. 1996 டிசம்பர் 5 அன்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், பங்கு போன்றவற்றின் விலை காரணமின்றி ஏறுவதற்கு 'இர்ராஷனல் எக்ஸூபரன்ஸ்' என்ற சொற்களைப் பயன்படுத்தியது அந்த வாய்ப்பை வைத்துத்தான்.

எபுல்லியன்ட் கொதித்துப் பொங்குவதைக் குறித்த லத்தீன் சொல்லின் வழி வந்தது. இது துள்ளலைவிடப் பேச்சிலும் முகத்திலும் தெரியும் தெம்பு. வியாசர்பாடியில் ஒரு கால்பந்து அணி கோப்பை வென்றால் ஆட்டக்காரர்கள் ஜூபிலன்ட், ஏனென்றால் அவர்கள் களிப்புக்குக் குறிப்பிட்ட ஒரு வெற்றி காரணம். தோற்ற நாளிலும் அடுத்த ஆட்டத்தைப் பற்றி முகம் மலரப் பேசுகிற பயிற்சியாளர் எபுல்லியன்ட். மைதானத்துக்கு வெளியே கத்திக்கொண்டு தள்ளிக்கொண்டு ஓடுகிற சின்னப் பசங்கள் பாய்ஸ்டரஸ். அந்தச் சொல்லில் இரைச்சலும் முரட்டுத்தனமும் இருக்கிறது. 'ஐ ஆம் எ பாய்ஸ்டரஸ் பர்சன்' என்று நேர்முகத் தேர்வில் சொன்னால் வேலை கிடைப்பது கஷ்டம்.

எஃப்யூசிவ் உற்சாகத்தோடு சேர்த்துப் படிக்கப்படுகிறது. ஆனால் அது நன்றி, பாராட்டு, வரவேற்பு இவற்றை வார்த்தைகளில் கொட்டுவதற்கு உரியது. மனசுக்குள் மகிழ்ச்சி இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை.

ஜோவியல் நம் ஊர்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. 'ஜோவியலா பேசிட்டிருந்தோம்' என்றால் நமக்கு விளையாட்டாகப் பேசினோம் என்று பொருள். ஆங்கிலத்தில் அது ஒருவரின் கலகலப்பான சுபாவம், பெரும்பாலும் வயதில் மூத்தவருக்குச் சொல்வது. ரோமானியக் கடவுள் ஜோவின் பெயரிலிருந்து வந்த சொல் அது. வியாழன் கிரகம் அவருக்கு உரியது. அந்தக் கிரகத்தின் கீழ் பிறந்தவர்கள் கலகலப்பானவர்கள் என்று பழைய ஐரோப்பிய ஜோதிடம் நம்பியது. நம்ம குரு பகவானேதான்! ஆகவே 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்பதற்கு 'ஐ செட் இட் ஜோவியலி' வேண்டாம். 'ஐ வாஸ் ஜோக்கிங்' நேரானது.

கடைசியாக ஃபுல்சம். ஃபுல் என்று ஆரம்பிப்பதால் நிறைவான, மனமார்ந்த என்று எடுத்துக்கொள்கிறார்கள். முற்காலத்தில் மிகுதி என்ற பொருள் இருந்தது உண்மை. பின்னாளில் திகட்டும் அளவுக்குப் புகழ்ந்து தள்ளுவது, உண்மையற்ற முகஸ்துதி என்ற பொருள் வலுத்துவிட்டது. இன்று நல்ல பொருளில் எழுதுகிறவர்களும் உண்டு, ஆனால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. மேலதிகாரியின் பிரிவு உபசார மடலில் 'ஃபுல்சம் பிரெய்ஸ்' வேண்டாம், 'வார்ம் பிரெய்ஸ்' என்று எழுதுங்கள்.