சிறை ஊழியத்தில் சேர: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

"காவலிலிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள்" என்று இயேசு சொல்லும் மத்தேயு 25:36-ஐ வாசித்த உற்சாகத்தில், கைதிகளைச் சந்தித்து ஆறுதல் சொல்ல நேராகச் சிறை வாசலுக்குப் போய் நின்றால், காவலர் திருப்பி அனுப்பிவிடுவார். வேலை வெளியிலேயே தொடங்குகிறது.

1. ஏற்கெனவே அனுமதி பெற்ற குழுவில் சேருங்கள். உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ விசாரியுங்கள். அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் விவகாரத்தில் சிறை சென்ற அவரது உதவியாளர் சார்லஸ் கோல்சன் 1976-ல் தொடங்கிய பிரிசன் ஃபெலோஷிப் என்ற சிறை ஊழிய அமைப்பு, இன்று பல நாடுகளில் இயங்குகிறது. தனி ஆளாக அனுமதி கேட்பது பெரும்பாலும் வீண் அலைச்சல்தான்.

2. விண்ணப்பம், அடையாளச் சான்று, பின்னணி விசாரணை, பயிற்சி. எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை கைதிகளுக்குக் கடிதம் எழுதலாம். ஆனால் வீட்டு முகவரி வேண்டாம், குழுவின் முகவரியைப் போடுங்கள்.

3. போகும் நாளில் கைபேசி, பணம் எதுவும் எடுத்துப் போகாதீர்கள். கைதிகளின் சீருடை நிறத்தில் உடுத்த வேண்டாம். சில சிறைகளில் கெட்டி அட்டை வேதாகமத்தைக்கூட அனுமதிப்பதில்லை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. சரி, உள்ளே போயாயிற்று. என்ன குற்றம் செய்தார் என்று கேட்காதீர்கள், அவராகச் சொன்னால் கேளுங்கள். பிரசங்கத்தைச் சுருக்குங்கள். நாள் முழுக்க உத்தரவு கேட்கும் ஒருவருக்கு இன்னொரு நீண்ட உரை எதற்கு? பாட்டு, சின்ன வேத வாசிப்பு, பெயர் சொல்லி ஜெபம், மீதி நேரம் பேச்சு. வேறு மதத்தவரோ நம்பிக்கையற்றவரோ வந்து உட்கார்ந்தால் மதம் மாறச் சொல்லி நெருக்காதீர்கள்.

"இந்தச் சீட்டை மட்டும் வீட்டில் கொடுத்துவிடுங்கள்" என்று கைதிகள் கேட்பார்கள். மனசு இளகும். வாங்காதீர்கள், ஒரு சீட்டு பிடிபட்டால் முழுக் குழுவின் அனுமதியும் போய்விடலாம். ஜாமீன், வழக்கு பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். ஒருவர் தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் போவதாகச் சொன்னால், அதை ரகசியமாக வைத்திருக்காமல் உடனே அதிகாரியிடம் சொல்லுங்கள்.

5. கூட்டத்தில் பேச வராதவர்களுக்கும் இடமுண்டு. 1813-ல் லண்டன் நியூகேட் சிறைக்குள் போன ஆங்கிலேயச் சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரை, பிற்பாடு அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளியும் பெண்களுக்குத் தையல் வேலையும் ஏற்படுத்தினார். எழுத்துக் கற்பிக்கலாம், கைதிகளின் பிள்ளைகளுக்குப் பரிசு சேர்க்கலாம்.

அப்புறம், விடுதலையானவர்கள். என் பார்வையில் ஆள் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். தங்க இடம், வேலை, அடையாள ஆவணம் மூன்றுக்கும் முதல் வாரங்களில் கூடவே அலைய ஒருவர் வேண்டும். இதற்குச் சிறை அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குழுவில் சொல்லிவிட்டு இந்த வாரமே தொடங்கலாம்.